முதல் பாடவேளையில் இரண்டு வகுப்புகளுக்கு அறை இல்லை: சீட்டுக் குலுக்கினால் நியாயமாகிவிடுமா?

கேட்டவர்: சாக்பீஸ்தூள்

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்துகிறேன். கணக்கு வாத்தியார்தானே என்று கால அட்டவணைப் பொறுப்பை என் தலையில் கட்டி இது இரண்டாம் ஆண்டு. எனக்கு முன்பு பார்த்தவர் ஓய்வு பெறும் நாளில் ஒரு சார்ட் அட்டையையும் ஒரு டப்பா குண்டூசியையும் கையில் கொடுத்து, "தம்பி, யாரையும் சமாதானப்படுத்த முயலாதே" என்றார். அப்போது புரியவில்லை.

கணக்கு இதுதான். வகுப்புகள் 29, அறைகள் 27. ஒரு நாளுக்கு 5 பாடவேளை, ஆறு நாள் சுழற்சி. அறிவியல் துறைகள் ஐந்து. கணினித்துறை புதிது, அங்கே மூன்றாமாண்டு இன்னும் வரவில்லை. ஆகவே அறிவியல் வகுப்புகள் 14. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழற்சியில் மூன்று மணி நேரச் செய்முறை ஒன்று, இரண்டு மணி நேரச் செய்முறை ஒன்று.

காலை முதல் இரண்டு பாடவேளையும் எல்லா வகுப்புகளும் அறை கேட்கின்றன. இரண்டு வகுப்புகள் வெளியே நிற்கின்றன. நிற்பவை எப்போதும் வரலாறு முதலாமாண்டும் வணிகவியல் இரண்டாமாண்டும்தான், ஏனென்றால் அந்த இரு துறைத்தலைவர்களும் உரக்கப் பேசமாட்டார்கள். வேப்பமரத்தடியில் பாடம் நடத்துவது கேட்க நன்றாக இருக்கும். எறும்பு கடிக்கும்போது நன்றாக இருக்காது.

இதற்கு மேல் மூன்றாம் மாடித் தகரக்கூரை அறைகள் நான்கு. பங்குனி பிறந்தால் அங்கே உட்கார்ந்தவனுக்கு அடுப்பில் வைத்த தோசைக்கல்லின் வேதனை தெரியும்.

முதல்வர் சீட்டுக் குலுக்கிவிடலாம் என்கிறார். யாருக்கும் மனத்தாங்கல் வராதாம். எனக்கு ஏதோ உறுத்துகிறது, ஆனால் எது என்று சொல்லத் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மென்பொருள் வாங்கச் சொல்லாதீர்கள். எஃப்இடி என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்துவிட்டேன். நல்ல மென்பொருள்தான், ஆனால் துறைத்தலைவர்கள் போட்ட பூட்டுகளையெல்லாம் நிபந்தனைகளாக உள்ளே கொடுத்தவுடன் அதுவும் கையை விரித்துவிட்டது.

பதில்: பழைய பொறுப்பாளர்

ஐயா, பதினோரு ஆண்டு இந்தப் பாவத்தைச் செய்தவன் நான். குலுக்கலைப் பிறகு பார்ப்போம். பிற்பகலில் உங்கள் கல்லூரியை ஒருமுறை சுற்றிவந்தீர்களா? எத்தனை அறை பூட்டிக் கிடக்கிறது?

சாக்பீஸ்தூள்

இன்று நான்காம் பாடவேளையில் போய்ப் பார்த்தேன். மூன்று அறைகள் பூட்டு. நேற்று இரண்டு பூட்டிக் கிடந்தனவாம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பழைய பொறுப்பாளர்

வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் இப்படித்தான் கண்டுபிடிப்போம். உங்களுக்கு அறைப் பஞ்சம் இல்லை. அறிவியல் துறைகள் எல்லாச் செய்முறையையும் பிற்பகலில் அடைத்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். எந்தப் பாடவேளையிலும் இரண்டு வகுப்புகள் ஆய்வகத்தில் இருந்தால், மிச்சம் 27 வகுப்புகள், 27 அறைகள். இரண்டு மணிச் செய்முறைகள் மொத்தம் 14. அவற்றில் 12ஐ காலைக்குக் கொண்டுவாருங்கள், நாளுக்கு இரண்டு. மூன்று மணிச் செய்முறைகளும் 14 தானே? அவற்றை 3, 4, 5ஆம் பாடவேளைகளில் நாளுக்குக் குறைந்தது இரண்டு விழும்படி பரப்புங்கள். ஒரு செங்கல் வைக்காமல் வேலை முடிந்தது.

முடிந்தது என்று நான் சொல்வது தாளில். இயற்பியல் துறைத்தலைவரிடம் நீங்கள்தான் போகவேண்டும்.

பதில்: பியூரெட்

நான் வேதியியல் ஆய்வக உதவியாளர். தாளில் கணக்குப் போடுகிறவர்கள் எங்களையும் கொஞ்சம் நினைக்கவேண்டும். காலை 9.30க்குச் செய்முறை என்றால் கரைசல்களை முந்தின நாளே தயாரித்து வைக்கவேண்டும். முந்தின நாள் மாலை வரை வேறொரு வகுப்பு அதே மேசையில் இருந்தால் கழுவுவது எப்போது, தயாரிப்பது எப்போது? எங்கள் கல்லூரியில் உதவியாளர் பணியிடம் மூன்று, ஆள் ஒருவர். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. எந்தத் துறைக்குக் காலைச் செய்முறையோ, அந்தத் துறைக்கு முந்தின நாள் பிற்பகலைக் காலியாக விடுங்கள்.

சாக்பீஸ்தூள்

அம்மா, இது என் தலையில் ஏறவே இல்லை. நன்றி. துறைகள் ஐந்து இருப்பதால் மாற்றி மாற்றி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. சார்ட் அட்டையை மறுபடி எடுக்கிறேன்.

பதில்: ஓலைநறுக்கு

வரலாற்றுத் துறைக்காரன். மரத்தடியில் நிற்கும் துறை என்பதால் பேச உரிமை உண்டென்று நினைக்கிறேன். 27க்குள் 29ஐ அடக்கினாலும் இரண்டு வகுப்புகளுக்குச் சொந்த அறை இருக்காது. ஆய்வகம் போனவர்களின் அறையைத் தேடி அலையவேண்டும். தகரக்கூரையில் நான்கு, அலைச்சலில் இரண்டு என்று பருவத்துக்கு ஆறு வகுப்புகள் வதைபடும். அந்த ஆறைத்தான் குலுக்கவேண்டும். ஆனால் உத்தரமேரூர் முறையில்.

பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலையைச் சொல்கின்றன, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. சிறுவனைக் கொண்டு ஓலை எடுத்தார்கள் என்பதோடு நம் பாடப்புத்தக நினைவு நின்றுவிடுகிறது. எந்தப் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதற்கே அங்கே வயது, நிலம், மனை, படிப்பு என்று விதிகள் உண்டு. முந்தின மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவன் பெயர் உள்ளே போகாது. அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்: தகரக்கூரையில் ஒருமுறை வெந்த வகுப்பின் பெயர், மற்ற வகுப்புகள் எல்லாம் வந்து போகும்வரை குடத்தில் விழக்கூடாது. ஆறு பருவத்துக்கு 36 இடம், வகுப்புகள் 29. ஒரு தொகுதி மாணவர்களுக்கு மூன்றாண்டில் ஒருமுறை வரும், மிஞ்சினால் இருமுறை. வெறும் குலுக்கலில் ஒரே வகுப்புக்கு நான்குமுறைகூட விழலாம். உங்களுக்கு உறுத்தியது அதுவாக இருக்கலாம்.

பதில்: மூன்றாம்வரிசை

மாணவி. சக்கர நாற்காலியில் வருகிறேன். சென்ற பருவம் எங்கள் வகுப்பு இரண்டாம் மாடி. தோழிகள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள், நான் மதியம்வரை தண்ணீர் குடிக்கவில்லை. எங்கள் வகுப்புக்குக் கீழ்த்தளம் தருவதைச் சலுகை என்று யாரும் பேசவேண்டாம், கல்விக்கூடம் எங்களால் போய்வர முடிகிற மாதிரி இருக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலேயே இருக்கிறது. கேள்வி கேட்டவர் கல்லூரியில் என்னைப் போல யாராவது இருக்கிறார்களா என்று குலுக்குவதற்கு முன்பு பாருங்கள் ஐயா.

சாக்பீஸ்தூள்

பார்த்தேன் அம்மா. பொருளியல் இரண்டாமாண்டில் ஒரு மாணவர் ஊன்றுகோலுடன் வருகிறார். ஓராண்டாக முதல் மாடிக்கு ஏறியிருக்கிறார். நான் போட்ட அட்டவணைதான். அந்த வகுப்புக்கு இன்றே கீழ்த்தள அறை எழுதிவிட்டேன், அது குடத்துக்குள் போகாது.

துறைத்தலைவர்கள் கூட்டம் நேற்று நடந்தது. தாவரவியலும் விலங்கியலும் உடனே ஒத்துக்கொண்டன. கணினித்துறை எப்போது வேண்டுமானாலும் சரி என்றது. வேதியியல், முந்தின பிற்பகல் காலி என்றால் சரி என்றது. இயற்பியல் துறைத்தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார்; இருட்டறைச் சோதனைகளுக்குக் காலை வெளிச்சம் ஆகாது என்பது வரை போனார். இருட்டறைக்குள் காலை எது, மாலை எது என்று வணிகவியல் துறைத்தலைவர் கேட்டார். அவர் கூட்டத்தில் வாய் திறந்ததை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. இயற்பியல் இரண்டு காலைகள் தந்தது.

திங்கட்கிழமை குலுக்கல். குடத்துக்கு உணவகத்துச் சாம்பார் வாளியைக் கேட்டிருக்கிறோம்.