கதவின் உட்பலகைக்கு ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

கொக்குவில்:
குழுவினருக்கு வணக்கம். மோட்டார் திருத்துநர் வகுப்புக் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. கார்க் கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பலகைக்குப் பையன்கள் ‘டோர் போட்’ என்கிறார்கள். முதல் வரைவில் ‘அலங்காரம்’ என்று இருக்கிறது. ‘தளர்ந்த அலங்காரத்தை இறுக்குக’ என்றால் சாமி வீதியுலாவுக்கு வெளிக்கிடுகிறது என்று நினைப்பார்கள்.

நல்லூர்:
கதவணி. ‘கதவு’ குற்றியலுகரம் அன்று. ஆனாலும் முற்றியலுகரம் உயிர் வரச் சில இடங்களில் கெடும். கதவு + அணி = கதவணி. நான்கே எழுத்து.

பருத்தித்துறை:
ஐயா, அணி என்றதும் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ‘அகவுறை’ என்றால் என்ன?

கொக்குவில்:
உறை வேண்டாம் அக்கா. பலகைக்குப் பின்னால் பொலித்தீன் தாள் ஒன்று பசையால் ஒட்டியிருக்கும். கண்ணாடியோரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் அடித்துளைகளால் வெளியேறும். அது உள்ளே கசியாமல் காப்பது அந்தத் தாள்தான். ‘உறையைக் கழற்றுக’ என்று படித்தவன் இரண்டையும் சேர்த்துப் பிய்ப்பான். மாரி வந்தால் காலடி விரிப்பு ஊறிப்போகும்.

சுன்னாகம்:
தட்டி! பின்னால் பலகைத் தட்டி விரியும் பழைய ‘தட்டி வான்’ ஓடிய ஊரில் இதற்கா பஞ்சம்? பழைய மொறிஸ் மைனரில் ஹாட்போட் பலகையின் மேல் ரெக்சின். அது தட்டியல்லாமல் வேறென்ன?

நல்லூர்:
தட்டி வானின் தட்டி பின்னால் விரிவது, இது அசையாதது. மேலும் ‘தட்டி’ தடு என்பதிலிருந்து வந்ததா, தட்டு என்பதிலிருந்தா? தடு என்றால் மறைப்பு, தட்டு என்றால் தட்டையானது. தட்டை, தட்டம், தட்டுவம் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால்…

மதுரை:
அடுக்குவதற்கு முன் ஒரு சொல்: இங்கே தட்டி என்றால் தெருவோர விளம்பரம். மெக்கானிக்குகள் ‘டோர் பேட்’ என்பார்கள். ஆங்கிலத்தில் உள்ளபடி ‘ட்ரிம்’ என்றே எழுதிவிட்டால் என்ன?

ரொறன்ரோ:
எழுதலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் அது ‘ரிறிம்’ ஆகும். டகரம் மொழிமுதல் வராது என்று இன்னொரு கிழமை ஓடும்.

கொக்குவில்:
வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:
“கைபிடிக் குழியிலும் கைதாங்கியின் அடியிலும் உள்ள திருகாணிகளை முதலில் கழற்று. பிளாஸ்டிக் நெம்பியைக் கிளிப்புக்கு அருகே செருகித் தட்டியை நெம்பு. கண்ணாடிச் சுவிட்சின் வயரைக் கழற்றும்வரை இழுக்காதே. முறிந்த கிளிப்பை மாற்று. கிளிப்பைப் பிடிக்கும் குமிழ் உடைந்திருந்தால் எப்பொக்சிப் பசையால் ஒட்டி, நன்றாக இறுகிய பிறகே தட்டியைப் பொருத்து.”
வகுப்பில் வாசித்தேன். ‘நெம்பி’ என்றால் என்ன என்று மட்டும் கேட்டார்கள்.

பருத்தித்துறை:
அப்படியானால் தட்டியே இருக்கட்டும். எனக்கு முழு மனமில்லை. வியாழனுக்கு இதைவிட வேறு வழியுமில்லை.

சுன்னாகம்:
கிளிப்பையும் ‘கொளுவி’ ஆக்கலாமே.

நல்லூர்:
கொளுவி வளைந்திருக்க வேண்டும். இது துளையில் குத்தி நிற்பது. ஆகவே ‘குத்தி’. தட்டிக்கு என் மறுப்பு மறுப்பாகவே இருக்கிறது. சொல்லடைவிலாவது கதவணியைச் சேர்க்கவும்.

கொக்குவில்:
சேர்க்கிறேன் ஐயா. கிளிப் கிளிப்பாகவே போகிறது.