ஜேர்மனி ஒன்றானதைக் கிட்ட நின்று பார்த்த நம்மவர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடியிலிருந்து:

ஒக்டோபர் 3 வந்தால் மாமா வாட்ஸ்அப்பில் ஜேர்மன் கொடிப் படம் அனுப்புவார். 1990இல் கிழக்கும் மேற்கும் ஒன்றான நாள். இந்த முறை ஊருக்கே வந்திருந்ததால் கதையை முழுதாகக் கேட்க முடிந்தது.

அவர் போனது 1984இல். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின். இறங்கினதும் ட்ரான்சிட் விசா கிடைக்கும். அதைக் காட்டி ஃப்ரீட்ரிஷ் தெரு ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சில நிமிடத்தில் மேற்கு பெர்லின். சொந்தச் சனம் பெர்லின் சுவரைத் தாண்டினால் சுடுகிற நாடு, நம்ம ஆட்களைப் பேசாமல் விட்டது. மேற்குப் பக்கத்தில் பாஸ்போட் பார்க்க ஒருவரும் இல்லை. பார்த்தால் அதை நாட்டெல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே! அந்த ஓட்டைக்குள்ளால் போய்த்தான் நம் சனம் அகதிக் கேஸ் போட்டது. 1985இல் மேற்கு நெருக்கவும், மேற்கு ஜேர்மன் விசா இல்லாத தமிழருக்கு ட்ரான்சிட் கிடையாது என்று கிழக்கு அடைத்துவிட்டது. மாமாவுக்குப் பின்னால் போக இருந்த சித்தப்பா, ஏஜென்சிக்குக் கட்டின காசும் போய், கொழும்பு லொட்ஜிலிருந்து திரும்பி வந்தார்.

1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவரின் பொர்ன்ஹொல்மர் தெருக் கடவையைத் திறந்தபோது மாமா கொஞ்சத் தூரத்தில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாராம். “சத்தம் கேட்டது மனே. முதலாளி வெளியே விடல்ல. மறுகா விடியப் போய்ப் பார்த்தா, றோட்டெல்லாம் கிழக்குக் கார்.”

கிழக்கு ஜேர்மனியின் ஒரு மார்க் குற்றி ஒன்று வைத்திருக்கிறார். அலுமினியம், கையில் பாரமே தெரியாது. என் மகள் விளையாட்டுக் காசு என்று நினைத்துக் கடைபோட எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

வாழைச்சேனையிலிருந்து:

அண்ணன் சொன்ன அந்தக் குற்றி 1990 ஜூலை 1ஆம் திகதி மேற்கு மார்க் வந்ததோடு செல்லாக் காசானது. அதனால் வந்த வினையை நான் ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

நான் போனது 1992இல். நாடு ஒன்றானபின் அகதிகளைக் கிழக்கு மாநிலங்களுக்கும் பங்கிட்டார்கள். எனக்கு விழுந்தது சாக்சனி. அந்த ஆகஸ்டில்தான் ரொஸ்டொக்கில் வியட்நாம்காரர் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள், சுற்றி நின்ற சனம் கைதட்டியது. கிழக்கு ஜேர்மனி ஒப்பந்த வேலைக்கென்று தானே கூப்பிட்டு எடுத்த ஆட்கள் அவர்கள். அதற்குப் பிறகு பொழுதுபட்டால் நாங்கள் ஹைமை (அகதிகள் விடுதியை) விட்டு இறங்குவதில்லை.

அந்த ஹைமுக்கு உடுப்புக் கொடுக்க வருகிற அம்மா ஐம்பது தாண்டியவர். ஊர்ப் பெயரின் அர்த்தம் கேட்டார். வாழைப்பழத்தை விளங்கப்படுத்தினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் காலத்தில் கடைக்கு வாழைப்பழம் வந்தது என்றால் ஊரே வரிசையில் நிற்குமாம்.

நூல் மில்லில் வேலை செய்தவர். காசு மாற்றும்போது சம்பளத்தை 1க்கு 1 மேற்கு மார்க் ஆக்கினார்கள். சேமிப்பில் ஓரளவு வரைக்கும் 1க்கு 1, மிச்சம் 2க்கு 1. கேட்க நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் மில் நூலின் விலையும் ஒரே இரவில் மேற்கு மார்க்கில் நின்றது. வழக்கமாக வாங்கின கிழக்கு ஐரோப்பிய நாடுகளிடம் அந்தக் காசு இல்லை, உள்ளூர்ச் சனமோ மேற்குச் சாமான்தான் வேண்டும் என்றது. அரச கம்பனிகளை விற்க அமைத்த ட்ரொய்ஹண்டின் கையில் 8,000க்கு மேற்பட்ட கம்பனிகள், ஏறக்குறைய 40 லட்சம் தொழிலாளர். இவருடைய மில்லுக்கு ஆள் வரவில்லை, பூட்டினார்கள். மில்லோடு இருந்த பிள்ளை மடுவமும் போனது. மகள் வேலை தேடி மேற்கே போய்விட்டாள், கிறிஸ்மஸுக்கு மட்டும் வருவாள். மகள் போன கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஜேர்மன் காணாது. சொல்லவும் மனம் வரவில்லை.

திருக்கோவிலிலிருந்து:

காணி விசயத்தை ஒருவரும் தொடவில்லையே. சுனாமிக்குப் பிறகு 2005இல் இங்கே தண்ணீர் வேலைக்கு வந்த ஜேர்மன் இஞ்சினியருக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. கிழக்கு ஜேர்மனியாக இருந்த பக்கத்து லைப்சிக்காரர். கிணறு இறைத்துத் தாங்கி வைக்கப் போன வளவு ஒன்றில் இரண்டு குடும்பம். ஒருவர் கையில் பழைய உறுதி, மற்றவர் கையில் பெர்மிட். 90இல் ஓடினவர் ஒருவர், வெறும் வளவில் வந்து குந்தினவர் மற்றவர். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக் கத்துகிறார்கள்.

நான் மொழிபெயர்க்கவே கூச்சப்பட்டேன். அவர், “தம்பி, எங்கள் வீட்டிலும் இதுதான்” என்றார். அவருடைய தாய் தகப்பன் முப்பது வருசம் குடியிருந்த வீட்டுக்கு, சுவர் விழுந்த கையோடு மேற்கிலிருந்து ஒருவர் உறுதியோடு வந்திருக்கிறார். முதலில் பழைய சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுப்பது, முடியாவிட்டால்தான் நட்டஈடு என்பது அங்கே சட்டம். அப்படி வந்த கோரிக்கைகள் நாடு முழுக்க 20 லட்சத்துக்கு மேல். அவர்களுடைய வழக்கு ஆறு வருசம் இழுத்து, கடைசியில் தாயும் தகப்பனும் ஃபிளாட் ஒன்றுக்குப் போய்விட்டார்கள்.

தாங்கிப் படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் இரண்டு பேரையும் எழுதச் சொன்னார். ஒரு பெயருக்குத்தான் கோடு இருந்தது. மற்றப் பெயரை நான் ஓரத்தில் எழுதினேன்.