எங்கட வீட்டுக் குழு, 5 ஜூலை 2024 காலை

ஹரோ மாமா 6:12
உமா குமரன் வென்றுவிட்டா!! கிழக்கு லண்டன் 'ஸ்ட்ராட்போர்ட் அண்ட் போ' தொகுதி. பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு முதல் தமிழ் எம்.பி. எல்லாரும் எழும்புங்கோ.

துஷி 6:15
நான் நித்திரையே கொள்ளவில்லை மாமா. 2015இல் ஹரோ ஈஸ்டில் அவ தோற்ற அன்று நீங்கள் சாப்பிடாமல் படுத்தது நினைவிருக்கா?

ஹரோ மாமா 6:16
மழைக்குள் வீடு வீடாய்த் துண்டுப்பிரசுரம் போட்டவன் நான். எப்படிச் சாப்பாடு இறங்கும்? இன்றைக்குக் கேசரி. மாமி ரவை வறுக்கிறா.

கலா சித்தி 6:40
650 எம்.பி.மாரில் 263 பெண்களாம். இவ்வளவு பேர் இதற்கு முன் வந்ததே இல்லை 👏

பெரியம்மா 7:05
எல்லாம் சந்தோசம். ஆனால் ஹரியட் ஹார்மன் இந்தமுறை தேர்தலில் நிற்கவில்லை. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லையே.

அகில் 7:06
யார் பெரியம்மா அது?

பெரியம்மா 7:06
அதைத்தான் சொல்கிறேன்.

பெரியம்மா 7:19
லண்டன் பெக்கம் எம்.பி., தொழிற்கட்சி. 1982 அக்டோபர் இடைத்தேர்தலில் வந்தவ. 41 வருடமும் 7 மாதமும் இருந்துவிட்டுப் போகிறா. வரும்போது வயிற்றில் பிள்ளை. 1979 தேர்தலில் அந்தச் சபைக்கு வந்த பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? 19. கலா சொன்ன 263 சும்மா வரவில்லை.
ஒரு விரலால் எழுதுகிறேன், பொறுங்கோ.

பெரியம்மா 7:31
முதல் பிள்ளை பிறந்து அவ வேலைக்குத் திரும்பினபோது, வாக்களிக்கும் இடத்துக்குக் குழந்தையைக் கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோனா என்று யாரோ முறைப்பாடு செய்து, படைக்கலச் சேவிதர், அதுதான் சபையின் ஒழுங்கைப் பார்க்கிற அதிகாரி, விசாரித்தாராம். கோட்டுக்குள் குழந்தையும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு வற்றவில்லை, அவ்வளவுதான்.

துஷி 7:32
😂😂 ஐயோ. என்னை இரண்டு மாதத்துக்கு முன் பார்த்திருந்தால் மூன்று குழந்தை ஒளித்திருக்கிறேன் என்றிருப்பார்கள்.

கலா சித்தி 7:36
சிரிக்காதே துஷி. 2019இல் டூலிப் சித்திக் எம்.பி. பிள்ளைப்பேற்றுச் சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்துச் சக்கர நாற்காலியில் வந்து வாக்குப் போட்டா. அதற்குப் பிறகுதான் பிள்ளைப்பேறு விடுப்பில் இருக்கிற எம்.பி.க்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்கலாம் என்று விட்டார்கள். அதற்கு முந்தின வருடமே சபையில் அதைக் கிளப்பினவ ஹார்மன்தான்.

ஹரோ மாமா 7:44
அக்கா, ஒரு கதை. 1997இல் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிற தாய்மாரின் உதவிப்பணத்தை வெட்டின அமைச்சரும் இவதானே? சொந்தக் கட்சியிலேயே 47 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

பெரியம்மா 7:50
ஓம். அது பிழை. அடுத்த வருடமே அமைச்சுப் பதவியும் போய்விட்டது. நான் அதை மறைக்கவில்லை தம்பி. ஆனால் பதவி போன பிறகும் பின்வரிசையில் இருந்து மெல்ல எழும்பி வந்தா பார், அதையும் சேர்த்துச் சொல்.

துஷி 7:58
2010 சமத்துவச் சட்டம் அவ கொண்டுவந்ததா? எனக்கு அதை நன்றாகத் தெரியும். முந்தி வேலை செய்த இடத்தில் ஒப்பந்தத்திலேயே சம்பளத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று இருந்தது. பக்கத்து மேசைப் பெடியனுக்கு எவ்வளவு என்று கேட்கப் பயம். அந்தச் சட்டத்தின் 77ஆம் பிரிவைக் காட்டினேன். ஆண் பெண் பாகுபாடு இருக்கிறதா என்று அறியக் கேட்டால் அந்தத் தடை செல்லாது. பிறகுதான் விசயம் வெளியே வந்தது.

அகில் 8:01
எவ்வளவு கூட அவனுக்கு?

துஷி 8:01
உனக்கு எதற்கு 😠

பெரியம்மா 8:20
சட்டம் எல்லாம் பிறகு. எனக்கு அவவைப் பிடித்த காரணம் வேறு. நான் 86இல் வந்து வடமேற்கு லண்டன் டோலிஸ் ஹில்லில் ஒரு அறையில் இருந்தேன். கீழ்வீட்டில் ஒரு குஜராத்தி அம்மா. எனக்கு ஆங்கிலம் குறைவு, அவவுக்கும் குறைவு, ஆனால் கதை நிற்காது. அவ கிரன்விக்கில் வேலை செய்தவ. தபாலில் வரும் பிலிம் சுருளைக் கழுவிப் படமாக்கித் திருப்பி அனுப்பும் இடம். கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டும். வீட்டுக்குப் புறப்படுகிற நேரத்தில் நின்று வேலை செய் என்பார்கள்.

1976 ஆகஸ்டில் ஜெயாபென் தேசாய் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தா. பின்னால் இவர்கள். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஓவர்கோட், சேலைக் கரை முழுக்கச் சேறு. இரண்டு குளிர்காலம் வேலைநிறுத்தம் செய்து வாசலில் நின்றார்கள். கிரிக்கில்வுட் தபால்காரர்கள் கிரன்விக்கின் தபால்களைத் தொடமாட்டோம் என்றார்கள். 78 ஜூலையில் தோற்றுத்தான் முடிந்தது.

அந்தப் போராட்டக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொன்ன இளம் சட்டத்தரணி ஹார்மன். பிரென்ட் சட்ட உதவி நிலையத்தில் வேலை. தொழிற்சங்கப் பக்கம் நின்ற ஜாக் ட்ரோமியை அந்தப் போராட்டத்தில்தான் கண்டு பிறகு கலியாணம் கட்டினா. அவரும் எம்.பி. ஆகி, 2022 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். கீழ்வீட்டு அம்மா ஹார்மனைத் தொலைக்காட்சியில் கண்டால் "எங்கட பெட்டை" என்று திரையில் விரலால் தட்டுவா.

கலா சித்தி 8:24
அக்கா, இவ்வளவு காலமும் இதை ஏன் சொல்லவில்லை?

பெரியம்மா 8:25
நீங்கள் கேட்கவில்லை.

ஹரோ மாமா 8:33
சரி, என் வாக்குவாதத்தை வாபஸ் வாங்குகிறேன். பாதி மட்டும்.

துஷி 8:40
ஒரு அட்டை எழுதி அனுப்பலாமா? பெரியம்மா தமிழில் எழுதுங்கள், நான் கீழே ஆங்கிலத்தில் போடுகிறேன்.

பெரியம்மா 8:47
தமிழ் அவவுக்கு எங்கே விளங்கும். ஆனாலும் எழுதுகிறேன். கீழ்வீட்டு அம்மாவின் பெயரும் போட வேண்டும், அவ இல்லை இப்போது.

அகில் 8:52
டோலிஸ் ஹில் ஸ்டேஷன் பக்கம் சேலை கட்டின பெண்கள் வரைந்த ஒரு பெரிய சுவரோவியம் இருக்குமே, அதுவா இது?? நான் தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

பெரியம்மா 8:53
அதேதான். மத்தியானம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அட்டைக்குள் வைப்போம். மெல்லத்தான் நடப்பேன், முழங்கால் சரியில்லை.

ஹரோ மாமா 8:55
நானும் வருகிறேன். கேசரியும் கொண்டு வருகிறேன்.

பெரியம்மா 8:56
சீனி குறைத்துக் கிண்டச் சொல்.