கண்மாய் தூர்வார கம்பெனி நிதி: திட்ட அறிக்கையை எப்படி எழுதுவது?

கேள்வி:
சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். கண்மாயைத் தூர்வார ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி கேட்டு 12 பக்கம் எழுதி அனுப்பினோம். முதல் நான்கு பக்கம் நீரின் அருமை. பதிலே வரவில்லை. எங்கே தவறு, அண்ணன்மாரே?

பதில் 1:
தம்பி, அந்த நான்கு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். நீர் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். உங்கள் கண்மாய் என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் தெரியாது. மடை எந்த வருடம் உடைந்தது, கடைமடை வயல் எத்தனை போகம் தரிசாகக் கிடந்தது, இதில் தொடங்குங்கள். அப்புறம் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழம் தோண்டினால் 43,560 கன அடி மண், அதாவது, 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில், சுமார் 435 யூனிட். மழையில் கண்மாய் நிறைந்தால் கூடுதலாக 12 லட்சம் லிட்டர் நிற்கும். இந்த இரண்டு வரி நெஞ்சில் தைக்கும். நான் எழுதியபோது, எடுத்த மண்ணை எங்கே கொட்டுவீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். கரையைப் பலப்படுத்த என்று வரைபடத்தில் காட்டினேன்.

பதில் 2:
அனுமதிக் கடிதம் வைத்தீர்களா? ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்திடம், மேலென்றால் நீர்வளத்துறையிடம் அதை வாங்க வேண்டும். பணம் வாங்கும் அறக்கட்டளைக்கு சிஎஸ்ஆர்-1 பதிவும் (சிஎஸ்ஆர் நிதி பெற மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்யும் பதிவு) வேண்டும்.

கேட்டவர்:
கடிதம் வைக்கவில்லை, அண்ணே. திங்கட்கிழமை ஒன்றிய அலுவலகம் போகிறேன்.