ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: கையில் 900 உணவு இருந்தும் தினமும் தோற்கிறேன், எங்கே தப்பு?

அம்மாப்பேட்டைக்காரன்:
வணக்கம். இந்தக் கணினிப் போர் விளையாட்டின் டெஃபினிட்டிவ் எடிஷனையும் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தையும் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. ராஜேந்திர சோழன் கேம்பெய்ன் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் வாங்கினேன். அதனால் ஆட்டத்தில் உள்ள நாகரிகங்களில் திராவிடர்களையே எடுத்து, கம்ப்யூட்டரோடு மாடரேட் லெவலில் ஆடுகிறேன். கடை சாத்திவிட்டு வந்து இரவில் ஒரு ஆட்டம்.

தினமும் ஒரே கதைதான். பாரக்ஸ் (காலாட்படைக் கூடம்), ஆர்ச்சரி ரேஞ்ச் (வில்லாளிக் கூடம்) எல்லாம் கட்டி ஆறேழு வில்லாளிகளைச் சேர்ப்பதற்குள் எதிரியின் குதிரைகள் வந்து வில்லேஜர்களை (உணவும் மரமும் சேர்க்கும் ஆட்களை) வெட்டிவிட்டுப் போகின்றன. நேற்று தோற்றபோது 900 உணவும் 700 மரமும் கையில் அப்படியே இருந்தன. இவ்வளவு இருந்தும் ஏன் தோற்கிறேன்? மவுஸை இன்னும் வேகமாகத் தட்டப் பழக வேண்டுமா?

ஏற்காடு மிளகு:
வேகம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 10-வது நிமிடத்தில் உங்களிடம் எத்தனை வில்லேஜர்? ஆட்டத்துக்குள் ஓடும் கடிகாரத்தைப் பாருங்கள். சுவர்க் கடிகாரமும் அதுவும் ஒரே வேகத்தில் ஓடாது.

அம்மாப்பேட்டைக்காரன்:
பதிவை ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. 14 பேர். அடுத்த காலகட்டமான ஃபியூடல் ஏஜுக்கு அமுக்கியதே 11-வது நிமிடத்தில்தான்.

ஏற்காடு மிளகு:
அதுதான் விஷயம். ஒரு வில்லேஜர் வெளியே வர 25 விநாடி. 10 நிமிடம் என்றால் 600 விநாடி, ஆக 24 பேர். தொடக்கத்தில் இருக்கும் 3 பேரையும் சேர்த்தால் 27. வில்லேஜர்களின் உயிரைக் கூட்டும் லூம் (தறி) ஆராய்ச்சிக்கும் டவுன் சென்டரில் 25 விநாடி போகும், ஒருவரைக் கழியுங்கள். 26 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 14. அதாவது வில்லேஜர்களை உருவாக்கும் உங்கள் டவுன் சென்டர் பத்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் சும்மா இருந்திருக்கிறது. அம்மாப்பேட்டை மாதிரித் தறிக்காரர் ஊரில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! தறி நின்றால் கூலி போச்சு.

அந்த 900 உணவுக்கு 18 வில்லேஜர் எடுத்திருக்கலாம், ஒருவருக்கு 50 தானே. எச் தட்டினால் டவுன் சென்டர், கியூ தட்டினால் ஒரு ஆள். எங்கே சண்டை நடந்தாலும் விரல் இதை மறக்கக் கூடாது. வேலையில்லாமல் நிற்பவனைப் பிடிக்க முற்றுப்புள்ளி விசை.

உங்கள் தறி நின்றதற்கு இன்னொரு காரணம் வீடாக இருக்கலாம். டவுன் சென்டர் 5 பேருக்குத்தான் இடம் தரும். வேவு பார்க்கும் குதிரைவீரனான ஸ்கௌட்டோடு சேர்த்து நாலு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். அதனால் முதல் வேலையே வீடு. ஒன்றுக்கு 25 மரம், 5 பேருக்கு இடம். ஆடுகளை டவுன் சென்டர் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக வெட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து வெட்டினால் கறி கெட்டுப்போகும்.

ஓமலூர் குதிரை:
குதிரைக்கு எதிராக வில்லாளியை மட்டும் நிறுத்தினால் அப்படித்தான் ஆகும் தம்பி. ஸ்பியர்மேன், அதாவது ஈட்டிக்காரனை எடுங்க, 35 உணவு, 25 மரம். தங்கமே வேண்டாம்.

அப்புறம் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. புதுசாக ஆடுகிறவர் திராவிடர்களை விடுவது நல்லது. அவர்களிடம் நைட் (கனத்த குதிரைவீரன்) கிடையாது. ஃபிராங்க்ஸ் எடுத்தால் நைட்டுக்கு 20 சதவீதம் கூடுதல் உயிர், பண்ணை ஆராய்ச்சிகளும் இலவசம்.

ஏற்காடு மிளகு:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டவுன் சென்டர் தூங்கினால் ஃபிராங்க்ஸும் தோற்பார்கள். திராவிடர்களுக்கு ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் கிடைக்கிறது, பாரக்ஸ் ஆராய்ச்சிகளும் பாதி விலை. ஸ்பியர்மேன் வருவதும் பாரக்ஸிலிருந்துதானே? பிடித்துப்போய் எடுத்ததை ஏன் விட வேண்டும்?

மெனுவில் ஆர்ட் ஆஃப் வார் என்று பயிற்சிகள் இருக்கும். அதில் தொடக்கப் பொருளாதாரம் பற்றியதை மட்டும் நாலு தடவை ஆடுங்கள். மற்றதெல்லாம் இப்போது வேண்டாம். இங்கே மழை பிடித்தால் கரண்ட் இருக்காது, லேப்டாப் பேட்டரியில் நான் ஆடிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

கஞ்சமலை அடிவாரம்:
இழைக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். திராவிடர்களுக்குக் கடைசிக் காலகட்டமான இம்பீரியல் ஏஜில், பழைய தென்னிந்திய எஃகின் பெயரில் வூட்ஸ் ஸ்டீல் என்று ஒரு ஆராய்ச்சி உண்டு. அதன் பிறகு காலாட்படையின் வெட்டு கவசத்தையே மதிக்காது. வீட்டு வாசலில் கஞ்சமலை என்ற இரும்புத்தாது மலையை வைத்துக்கொண்டு ஃபிராங்க்ஸ் ஆடச் சொல்வதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

அம்மாப்பேட்டைக்காரன்:
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். 10-வது நிமிடத்தில் இப்போது 23 பேர். உணவுக்காகக் காட்டுப்பன்றியை டவுன் சென்டருக்கு இழுத்து வரப் போய் இரண்டு பேரைப் பலி கொடுத்தேன். லூம் போட்டபின் அந்தத் தொல்லை குறைந்தது. 25 ஆக இருந்த உயிர் 40 ஆகிறது, எங்கள் ஊருக்குப் பிடித்த ஆராய்ச்சி.

குதிரைகள் வந்தன, எட்டு ஈட்டிக்காரர்கள் நின்றார்கள், திரும்பிப் போய்விட்டன. மாடரேட்டை ஜெயித்துவிட்டேன். அந்தத் தைரியத்தில் ஹார்ட் போட்டேன், தோற்றுவிட்டேன். ஆனால் இந்த முறை கையில் மிச்சம் 40 உணவுதான் அண்ணா.