மலையை அளக்கும் ஆய்வாளர்களோடு நடந்தவர்களின் அனுபவப் பகிர்வு

உதகையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேல்பவானிப் பக்கம் புல்வெளித் தாவரங்களைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வுக் குழுவுக்கு உள்ளூர் உதவியாளராகச் சென்றிருந்தேன். குழுவை நடத்திய அம்மையார் ஒரு மீட்டர் அளவுள்ள சதுரச் சட்டத்தைப் புல்லின் மேல் வைத்து, அதற்குள் நின்ற ஒவ்வொரு செடியையும் தனித்தனியே குறித்துக்கொண்டு போனார். சாலையிலிருந்து பார்த்தால் ஒரே பச்சையாகத் தெரியும் அந்தச் சரிவில், பல வகைப் புற்களுக்கிடையே தரையில் வளரும் ஆர்க்கிடுகளும் குறிஞ்சியின் இளஞ்செடிகளும் இருந்தன.

மலை மடிப்புகளில் மட்டும் சோலை எனப்படும் அடர்ந்த பசுமைமாறாக் காடு ஒதுங்கியிருக்க, மேட்டில் ஏன் மரமே இல்லை என்று அவரிடம் கேட்டேன். திறந்த வெளியில் குளிர்கால இரவுகளில் இறங்கும் உறைபனி சோலை மர நாற்றுகளைக் கருக்கிவிடுகிறது என்பதையும், தீயும் மேய்ச்சலும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன என்பதையும் விளக்கிவிட்டு, இந்தப் புல்வெளி மரங்களை வெட்டியதால் உண்டானது என்று எண்ணிவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். அதற்கு அவர் காட்டிய சான்று நீலகிரியின் சதுப்பு மண். வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை மரங்களைவிடக் கார்பன் 13 என்னும் கனமான கார்பனைச் சற்று அதிகமாகத் தமக்குள் சேர்க்கின்றன; அவை மட்கிச் சதுப்பில் அடுக்கடுக்காகப் படியும்போது, எந்தக் காலத்தில் புல் ஓங்கியிருந்தது, எப்போது மரம் ஓங்கியிருந்தது என்பது மண்ணிலேயே பதிவாகிவிடுகிறது. சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்திலேயே இங்கே புல் செழித்திருந்ததைக் காட்டியது. உழவோ கோடரியோ இம்மலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த நிலம் இது. இதைத் தரிசு என்று எழுதிவைத்துக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம் (வாட்டில்) ஆகிய அயல்மரங்களை நட்டது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, தோடர் பழங்குடியினரின் எருமைகள் மேய இடமின்றிச் சுருங்கிப்போன மந்துகள் என்னும் அவர்களது குடியிருப்புகளின் அருகே நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

மசினகுடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எனக்குக் கிடைத்த அனுபவம் இலையுதிர் காட்டைப் பற்றியது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் 1988-இல் அமைத்த 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுப் பரப்பில், மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் பொறித்த தகடு கட்டி, அதன் இடத்தை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் திரும்பிச் சென்று, எது பட்டுப்போனது, எது புதிதாக அந்த அளவை எட்டியது என்று பார்க்கிறார்கள். அங்கே வேலை செய்தவர்களோடு என் மாமா பழகியதால் நானும் சில நாள் உடன் சென்று வந்தேன். ஒரு மரம் கிடந்தால் அது யானை சாய்த்ததா, தீயில் வெந்ததா, காற்றில் முறிந்ததா என்பதை அடித்தண்டைப் பார்த்தே அவர்கள் சொல்லிவிடுவார்கள். நம் ஊர்ப் பழங்குடி உதவியாளர்களின் கண் அதில் ஆய்வாளர்களுக்கே வழிகாட்டியது. காடு என்பது அசையாமல் நிற்பது அன்று, வறட்சிக்கும் நெருப்புக்கும் யானைக்கும் ஏற்ப ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது என்பதைத் தலைமுறை கடந்த இத்தகைய கணக்கு இல்லாமல் யாரும் நிறுவ முடியாது. உண்ணிச்செடி (லன்டானா) என்னும் அயல்நாட்டுப் புதர் எங்கே எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்கும் இதே பொறுமைதான் வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து ஓர் உறுப்பினர்:

உதகை நண்பர் எழுதியதை ஒட்டிப் பழனி மலையைப் பற்றிச் சொல்கிறேன். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வில், எங்கள் மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்திருந்தது தெரியவந்தது. பெரும்பகுதியை மரத்தோட்டங்களும் விவசாயமும் எடுத்துக்கொண்டன. அந்தப் படங்களை மலையில் சரிபார்க்க வந்த இளைஞர் ஒருவரோடு நடந்தபோது, அயல்மரங்கள் எல்லாவற்றையும் உடனே வெட்டிவிட வேண்டும் என்று நான் ஆத்திரமாகப் பேசினேன். அவர் என்னைச் சோலையை ஒட்டிய ஒரு பழைய பைன் தோட்டத்துக்குள் அழைத்துச் சென்று, அதன் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்து நிற்பதைக் காட்டினார். அங்கே கை வைத்தால் அந்தக் கன்றுகளும் அழியும். சீகையை வெட்டினாலோ, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் விதைகள் வெளிச்சம் பட்டதும் அடர்ந்து முளைக்கும். தொடர்ந்து பல பருவங்கள் பிடுங்க ஆளும் பணமும் இல்லையென்றால் வெட்டியதால் பயன் இராது. ஆகவே, இன்னும் புல்வெளியாகவே மிஞ்சியிருக்கும் சரிவுகளின் ஓரத்தில், பூத்துக் காய்க்குமுன் சீகைக் கன்றுகளைப் பிடுங்குவதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து. எங்கள் ஊரில் இதற்கு முன்வரும் இளைஞர்களிடம் நானும் இப்போது அதையே சொல்லி, முதலில் அந்தச் சரிவுகளுக்கே அழைத்துப் போகிறேன்.