ஏழாம் வகுப்பு ஜெர்மன்: அட்டவணை ஒப்பிக்கிறார்கள், பேச்சில் ‘ஐனன்’ வரவில்லை

கேள்வி – குறில்நெடில்
சென்னை சர்வதேசப் பள்ளி, இரண்டாம் வருட ஜெர்மன். வாரம் மூன்று பீரியட், தலா 40 நிமிடம். 22 பேரில் பாதிக்கு மேல் வீட்டில் தமிழ், ஐந்தாறு பேர் கொரியப் பிள்ளைகள். அக்குஸாட்டிவ் (நம் ‘ஐ’ வேற்றுமை) முடித்தாயிற்று. டெர்–டென், ஐன்–ஐனன் (ஆண்பால் சொல்லில் மட்டும் வரும் மாற்றம்; ஐன் என்றால் ‘ஒரு’) எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். வாயைத் திறந்தால், ‘ஐனன் ஹுண்ட்’ வரவேண்டிய இடத்தில், ‘இஷ் ஹாபெ ஐன் ஹுண்ட்’ (எனக்கு ஒரு நாய் இருக்கு)தான். எங்கே கோளாறு?

பதில் – யாரை_யாருக்கு
கோளாறு ‘ஹாபன்’ (வைத்திரு) என்ற வினையில் இருக்கிறது. ஜெர்மனில் நாய் அதற்குச் செயப்படுபொருள். ‘எனக்கு ஒரு நாய் இருக்கு’ என்று யோசிக்கும் பிள்ளைக்கு நாய்தான் எழுவாய். அதற்கு ஏன் உருபு மாறவேண்டும்? கொரிய மொழியிலும் அந்த இடத்தில் நாய் எழுவாய்தான். போதாததற்கு, ‘பேனா வாங்கினேன்’ என்று ஐ இல்லாமலே சொல்வோம். ‘பேனாவை’ என்றால் அது தெரிந்த பேனா. அதனால் ‘ஒரு’ போட்டாலே ஐ வேண்டாம் என்று காது சொல்லிவிடுகிறது.

வரிசையை மாற்றுங்கள். முதலில் ‘ரூஃபன்’ (கூப்பிடு), ‘ஸூஹன்’ (தேடு). ‘இஷ் ரூஃபெ டென் ஹுண்ட்’, நாயைக் கூப்பிடுகிறேன்: ஐயும் டென்னும் நேருக்கு நேர் நிற்கும். பிறகு ஐனன். ஹாபன் கடைசியில். ‘ஹெல்ஃபன்’ (உதவு) வரும்போது தமிழ் கைகொடுக்கும். அவனுக்கு உதவு, அங்கேயும் டாட்டிவ் (நம் ‘கு’ வேற்றுமை). ‘ஃப்ராகன்’ (கேள்) காலைவாரும்: நமக்கு ‘அவனிடம் கேள்’, அவர்களுக்கு அக்குஸாட்டிவ்.

வேற்றுமைக்கு எண் மட்டும் சொல்லாதீர்கள். நம் இரண்டாவது அவர்களுக்கு நான்காவது, நம் நான்காவது அவர்களுக்கு மூன்றாவது. குழப்பத்துக்குக் கேட்கவே வேண்டாம். ‘வேன்?’ என்றால் ‘யாரை?’, அதோடு நிறுத்துங்கள்.

பதில் – நீலப்பேனா
பயிற்சிக்குச் சீட்டாட்டம். நான்கு பேருக்கு 32 சீட்டு: எட்டுப் பொருள், ஒவ்வொன்றும் நான்கு முறை. ப்ளைஷ்டிஃப்ட் (பென்சில்), ராடியர்கும்மி (ரப்பர்), ஷ்பிட்ஸர் (ஷார்ப்னர்), கூலி (பேனா), ருக்ஸாக் (முதுகுப்பை) ஐந்தும் ஆண்பால்; ஷேரெ (கத்தரிக்கோல்) பெண்பால்; ஹெஃப்ட் (நோட்டு), லினெயால் (ஸ்கேல்) அஃறிணைப்பால். ஆளுக்கு ஐந்து சீட்டு, மீதி நடுவில். ‘ஹாஸ்ட் டு ஐனன் ஷ்பிட்ஸர்?’ (உன்னிடம் ஷார்ப்னர் இருக்கா?) என்று சரியாகக் கேட்டால்தான் சீட்டு கைமாறும். தப்பாகக் கேட்டால் முறை போச்சு. கேட்ட சீட்டு கையில் இல்லையென்றால் பதில் ‘நைன், இஷ் ஹாபெ கைனன்’ (இல்லை, என்னிடம் இல்லை). எட்டையும் ஆண்பாலாக வைத்துவிடாதீர்கள், மறுநாளே ‘ஐனன் ஷேரெ’ என்று வந்து நிற்பார்கள். சீட்டு ஓரத்தில் நீலம், சிவப்பு, பச்சை (டெர் ஆண்பால், டி பெண்பால், டஸ் அஃறிணைப்பால்). இரண்டாம் வாரம் நிறமில்லாத கட்டு.

இன்னொன்று, ஒலிப்பதிவுகளில் ‘ஐனன்’ சுருங்கி ‘ஐன்ன்’ என்றுதான் விழும். பிள்ளைகள் ‘ஐன்’ என்றே கேட்டிருப்பார்கள். ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் நீங்களே சொல்லிக்காட்டுங்கள்.

பதில் – வினைமுற்று
சீட்டாட்டம் சரி. ஆனால் ஐ.ஜி.சி.எஸ்.இ. (பத்தாம் வகுப்பு அளவிலான கேம்பிரிட்ஜ் தேர்வு) வரை போகும் வகுப்பென்றால் இதிலேயே ஒரு டெர்மை ஓட்டவேண்டாம். அங்கே எழுத்துத் தாளின் 45 மதிப்பெண்ணில் 28 ஒரு 130–140 சொல் கட்டுரைக்கு. ‘ஐன் ஹுண்ட்’ என்று எழுதினாலும் பொருள் புரியும். வினையின் இடமும் காலமும் பிசகினால் வாக்கியமே ஆட்டம் காணும்.

‘ஹாய்ட்டெ இஷ் கேஹெ’ (இன்று நான் போகிறேன்) ஆங்கிலம் தந்த பழக்கம்; வினை இரண்டாவதாக, ‘ஹாய்ட்டெ கேஹெ இஷ்’ என்று வரவேண்டும். வாக்கியத்தைக் காகிதப் பட்டைகளாக வெட்டுங்கள். வினைப் பட்டையை இரண்டாம் இடத்தில் பலகையில் ஒட்டிவிட்டு மற்றதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ‘வைல்’ (ஏனென்றால்) வந்தால் வினை கடைசிக்குப் போகும். அதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கொரியப் பிள்ளைகளுக்கும் விளக்கவே தேவையில்லை, வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள்.

குறில்நெடில்
நன்றி. அந்த ‘இஷ்’ (நான்) உச்சரிப்பையும் திருத்தவேண்டுமா? நோட்டில் தமிழிலேயே எழுதிவைக்கிறார்கள்.

யாரை_யாருக்கு
இங்கே நாம் எழுதுவது வசதிக்கு; நோட்டில் விடாதீர்கள், அந்த ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. ‘ஹீ’ என்று குரலில்லாமல் கிசுகிசுக்கச் சொல்லுங்கள். ‘ஈ’ தொடங்குமுன் வரும் காற்று இருக்கிறதே, அதுதான்.